அறுபத்தொன்பது நாழி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் தாசையன். மலையடிவாரத்துக் கல்லாற்றில் சாயாக்கடை வைத்திருப்பவர். அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அவரைப் பார்த்திருக்கிறேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தவர், எங்கள் அக்கிரகாரத்துக்குள் நுழையாமல் முனையிலேயே நின்று பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் போனபோது காலடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது.

"சாரே, நம்ம வாத்தியாரு போயிட்டாரு."

எந்த வாத்தியார் என்று நான் கேட்கவில்லை.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு. பனி பிடிச்சு ஒம்பதாம் நாளு. மலம்பனியாக்கும். கொயினா மாத்திர குடுத்தோம், தங்கல்ல, எல்லாம் வாந்தி." ஜுரத்தைத்தான் அந்தப் பக்கத்தில் பனி என்பார்கள், மலம்பனி என்றால் மலேரியா.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா?"

"கட்டிலோட தூக்கிட்டுப் போவம்னுதான் சொன்னோம். புதங்கெழம புள்ளையளுக்குப் பரீச்ச இருக்கு, அது கழியட்டும்னாரு. வாத்தியாரே, பரீச்ச இருக்குன்னு பனிக்குத் தெரியுமான்னு கேட்டேன். சிரிச்சாரு." தாசையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு ஆராதனைக்குக்கூட போவாம வந்தேன். இந்தப் பெட்டிய உங்க கையில குடுக்கணும்னு ரெண்டு தடவ சொன்னாரு."

தகனம் ஆற்றங்கரையிலேயே நேற்றுச் சாயங்காலம் ஆகிவிட்டது. நாஞ்சில் நாட்டில் இருக்கும் தமக்கைக்குத் தந்தி கொடுத்திருக்கிறார்கள். அவரால் வர முடியுமோ என்னவோ. தாசையன் என்னிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சிவதாணு பிள்ளைக்கு நாற்பத்தோரு வயது. தோவாளைப் பக்கத்து ஊர்க்காரர். மலையாளமும் தமிழும் படித்து, ஒரு வருஷம் வாத்தியார் பயிற்சி முடித்து, இருபத்தெட்டாம் வயதில் திருவனந்தபுரம் வந்தார். மனைவி முதல் பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் தங்கவில்லை. அதன் பிறகு அவர் கல்யாணப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. கரமனையில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, ஆற்றங்கரைத் தெருப் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னார். அது தமிழ்ப் பள்ளிக்கூடம். பிச்சுமணி ஐயர் என்பவர் அதன் மானேஜர். மூன்று வகுப்பு, மூன்று வாத்தியார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருஷந்தோறும் பரீட்சை எடுக்கப் போகும் அஸிஸ்டண்ட் இன்ஸ்பெக்டர் நான். அப்படித்தான் அவரை எனக்குத் தெரியும்.

அவர் வகுப்பில் நான் பார்த்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் பாடப் புத்தகம் பல வருஷமாக மாறவில்லை. அக்கிரகாரத்துக் குழந்தைகள் அதை அண்ணன் படிக்கக் கேட்டு, அக்காள் படிக்கக் கேட்டு, புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும். விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு வேறு வரியைக் கணீரென்று வாசிக்கும். சிவதாணு பிள்ளை ஒரு பனையோலைத் துண்டில் ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டி வைத்திருந்தார். அதைப் பக்கத்தின் மேல் அங்குமிங்கும் நகர்த்துவார். சன்னலில் தெரிகிற சொல்லைக் குழந்தை சொல்ல வேண்டும். வேகமாக ஒப்பிக்கிற பிள்ளைகள் அந்தச் சன்னலுக்கு முன்னால் திணறும். அரைகுறையாகப் படிக்கிறவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் சில சமயம் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அப்போது அவர் தலையை ஒருமுறை ஆட்டுவார். அவ்வளவுதான் பாராட்டு.

பரீட்சை வேறு மாதிரி. எங்கள் சரகம் முழுவதற்கும் கேள்வியும் விடையும் அச்சடித்த ஒரே சீட்டு, முத்திரை வைத்த உறையில் வரும். அதில் பார்க்காத பாடம் பத்து வரி. வாசிக்கையில் ஐந்து தடவைக்கு மேல் தடுக்கினால் தேறவில்லை. கணக்கு மூன்று, இரண்டு சரியாக இருக்க வேண்டும். பார்த்து எழுதாமல் இருக்கக் குழந்தைகளை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, எழுதி முடித்த சிலேட்டைக் கவிழ்க்கச் சொல்வோம். பரீட்சைக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது வாசிப்பு, கணக்கு இரண்டிலும் தேற வேண்டும். கொல்லம் 1106-ஆம் ஆண்டு சிவதாணு பிள்ளையின் வகுப்பு அந்தப் பாதிக்குக் குறைந்தது. அடுத்த இரண்டு வருஷமும் பாதியை எட்ட வேண்டும், எட்டாத வருஷத்தோடு வகுப்பு மூடப்படும் என்று எங்கள் ஆபீசிலிருந்து தாக்கீது போயிற்று. அந்த வகுப்பு போனால் அந்தத் தெருக் குழந்தைகள் பாலத்துக்கு அப்பால் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஆண்பிள்ளைகளில் சிலர் போவார்கள். பெண்குழந்தைகளை அனுப்ப மாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரியும்.

'வந்தவர்களில் பாதி' என்பதால் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு முதல் நாள், தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவது. இன்ஸ்பெக்டர்களுக்கும் இது தெரியும். நாங்கள் கேட்பதில்லை.

1107-இல் பிச்சுமணி ஐயர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "சிவதாணு சாரே, நாளைக்கு நாலு பேருக்கு வயத்து வலி. ஆருக்கு வலிக்கணும்னு நீங்களே தீர்மானிச்சா போரும், கேட்டேளா?"

சிவதாணு பிள்ளை நாலு பேரைத் தீர்மானித்தார். அதில் ஒருத்தி பாகீரதி. கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள், ஒன்பது வயது. எழுத்து எல்லாம் தெரியும், கூட்டி வாசிக்க நேரமாகும். மற்ற மூவரையும் போல அவளையும் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். அதோடு இன்னொன்றும் செய்தார். அங்கே சிலேட்டு பள்ளிக்கூடத்தினுடையது, குழந்தைகளுக்கு இரவல். பரீட்சைக்கு உட்காருகிற பையன் ஒருவனின் சிலேட்டு குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பாகீரதியுடையது நல்ல சிலேட்டு. அதை வாங்கி அவனிடம் கொடுத்தார்.

மறுநாள் நான் போனேன். நாலு பேர் வரவில்லை என்று குறித்துக்கொண்டேன். வகுப்பு தேறியது. பிச்சுமணி ஐயர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

பரீட்சையோடு இரண்டு மாதம் விடுமுறை. இடவ மாதம், வைகாசியில், திறந்தபோது அந்த நாலு பேரில் மூன்று பேர் வந்தார்கள், பாகீரதி வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, சிலேட்டை எடுத்துக்கொண்டு அவர் அவள் வீட்டுக்குப் போனார். தாயார் சுப்புலக்ஷ்மி வாசலுக்கு வந்தாள்.

"பாகீரதி வரல்லியே, சொகமில்லையான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"பேரை வெட்டினப்பறம் எப்பிடி வருவா?"

"பேரெ யாரு வெட்டினா?"

"நீங்கதானே சிலேட்டை வாங்கிண்டேள்?" என்றாள் அவள். கோபமாக இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விலகும்போது சிலேட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அவர் அதை நினைக்கவே இல்லை. "நாலு நாள் அழுதுண்டே இருந்தா. படிப்பு வராதுன்னு வாத்தியாரே சொல்லிட்டா, ஆத்துல வெச்சுண்டு என்ன பண்றதுன்னு அவ அப்பா சொன்னார். தென்காசிலேர்ந்து அத்தை வந்திருந்தா. கூட்டிண்டு போயாச்சு. ஆனியிலே கல்யாணம்."

"அம்மா, நான் அப்படி நினைச்சு வாங்கல்ல. ஒரு நாளைக்குத்தான்... இந்தாங்க, கொண்டு வந்திருக்கேன்."

"இனிமே அவளுக்கு எதுக்கு? வேற கொழந்தைக்குக் குடுங்கோ."

சிலேட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது ஒரு வருஷம் கழித்து. சொன்னபோது, அந்த அம்மாள் ஒரு வசவு வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

1108 மீன மாதம், பங்குனியில், மறுபடி பரீட்சை. நான் எட்டரை மணிக்கே போய்விட்டேன். அவர் அப்போதுதான் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தார், கூடவே மூன்று குழந்தைகள். பதிவேட்டில் இருபத்துநாலு பேர். இருபத்துநாலு பேரும் வந்திருந்தார்கள். பிச்சுமணி ஐயர் முந்தின நாள் மூன்று பேருக்கு வயத்து வலி சொல்லியிருக்கிறார். சிவதாணு பிள்ளை காலையில் அந்த மூன்று வீட்டுக்கும் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்திருக்கிறார். ஐயர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அவரைப் பார்க்காமல் உள்ளே போனார்.

மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை, மனக்கணக்கு வருகிறவர்கள் எத்தனை என்று பத்து வருஷம் பரீட்சை எடுத்தவனுக்கு முகத்தைப் பார்த்தாலே ஏறக்குறையத் தெரியும். உறையைப் பிரிக்காமல் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"கடைசியிலே இருக்கற மூணு பேருக்கும் மொகம் வாடியிருக்கே. ஜுரம் கிரமா? ஆத்துக்கு அனுப்பிடலாமே."

"இல்ல சார். சொகமாட்டுதான் இருக்கு. நான் தொட்டுப் பாத்துத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் இன்னும் ஆஜர் எடுக்கலை."

"யோசிச்சாச்சு சார்." கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருசம் ஒரு பிள்ளைய நான் அனுப்பினேன். அது திரும்பி வரல்ல. இனி என் வாயால அதச் சொல்ல முடியாது. நீங்க வேணும்னா சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஆஜர் எடுத்தேன், இருபத்துநாலு.

வாசிப்பு பதினொரு மணிக்கு முடிந்தது. கடைசி வரிசை மூவரில் இரண்டு பேர் மூன்றாம் வரியிலேயே நின்றுவிட்டார்கள். மூன்றாமவள் ஜெயலக்ஷ்மி. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்து வைப்பதுபோல் வாசித்தாள். மற்றவர்களுக்கு ஆன நேரத்தைப்போல் மூன்று பங்கு ஆயிற்று. தடுக்கியது நாலு தடவைதான். தேறிவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். சிவதாணு பிள்ளை சுவரைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார்.

பிறகு கணக்கு. சிலேட்டுகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி வரிசைக்கு வரும்போது பதினொரு பேர் இரண்டிலும் தேறியிருந்தார்கள். ஜெயலக்ஷ்மிக்கு முதல் கணக்கு சரி, மூன்றாவது தப்பு. இரண்டாவது இது: ஒரு வீட்டில் ஐந்து பேர். ஒருவருக்குத் தினம் இரண்டு நாழி அரிசி வேண்டும். ஒரு வாரத்துக்கு எத்தனை நாழி?

அவள் சிலேட்டில் எழுபது என்று எழுதி, அதை எச்சில் தொட்டு அழித்து, அறுபத்தொன்பது என்று எழுதியிருந்தது தெரிந்தது.

"எழுபதைப் போட்டுட்டு ஏன் அழிச்சே?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரு வாரம்னா அதிலே சனிக்கிழமை வருமே சார்."

"வந்தா?"

"சனிக்கிழமை ராத்திரி அம்மா சாதம் சாப்பிட மாட்டா. ஒருபொழுது. அதுக்கு ஒரு நாழி கழிச்சேன்."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "எங்காத்துலேயும்தான் சார்!" என்று ஒரு பையன் கத்தினான். "அப்போ அறுபத்தெட்டு, எங்க அப்பாவும் சாப்பிட மாட்டார்!" வகுப்பே சிரித்தது. ஜெயலக்ஷ்மியும் தான் ஏதோ நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துச் சிரித்தாள்.

தெருவில் அடுப்பு எரிகிற எல்லா வீட்டிலும் அவள் சொன்னதுதான் நடக்கிறது. என் வீட்டிலும் நடக்கிறது. அவள் பெருக்கத் தெரியாமல் எழுதவில்லை. பெருக்கின பிறகுதான் கழித்திருந்தாள். ஆனால் சீட்டில் எழுபது என்று அச்சடித்திருந்தது. சரகத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அதே எழுபது. அவளுக்குச் சரி போட்டால் பன்னிரண்டு பேர். இருபத்துநாலில் பன்னிரண்டு, சரியாகப் பாதி. மேலே யாராவது கேட்டால், வகுப்பைக் காப்பாற்றுவதற்காக விடையைத் திருத்தினேன் என்று ஆகும். என் பென்சில் அந்தச் சிலேட்டின் மேல் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. தப்பு என்று குறித்தேன்.

சிவதாணு பிள்ளை பக்கத்தில்தான் நின்றிருந்தார். "தப்புதானா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சீட்டிலே எழுபதுன்னு போட்டிருக்கு."

"அப்போ தப்புதான்" என்றார். குழந்தைகளிடம் சிலேட்டை அழிக்கச் சொன்னார்.

மேட மாதக் கடைசியில், சித்திரை முடிவில், வகுப்பை மூடச் சொல்லி உத்தரவு போயிற்று. அதை எழுதியதும் நான்தான். பிச்சுமணி ஐயர் அவரை வாசலில் வைத்தே கேட்டாராம்: "தர்மிஷ்டர், ஒத்துக்கறேன். அந்த தர்மத்தை உங்க சொந்தக் கையைக் கடிச்சுண்டு பண்ணியிருக்கலாமே? என் பள்ளிக்கூடத்தைக் கடிச்சுட்டேளே, ஓய்!" வகுப்பு இல்லை என்றால் வாத்தியாரும் இல்லை. இரண்டு மாதம் அவருக்கு வேலை இல்லாமல் இருந்தது. கல்லாற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வேலைக்காரர்களின் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்குகிறார்கள், ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது நான் சிபாரிசு எழுதிக் கொடுத்தேன். அங்கே மழைக்காலத்தில் ஜுரம் உண்டு என்பது எனக்குத் தெரியாதது அல்ல. வேலை கிடைத்ததே என்று இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

போவதற்கு முன் அவர் இருபத்துநாலு பேருக்கும் விடுதல் சர்ட்டிபிகேட் எழுதினார். அது இல்லாமல் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். எழுதி வைத்துவிட்டுப் பெற்றோர் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று போயிருக்கலாம். யாரும் அப்படித்தான் செய்வார்கள். அறிவிப்பு ஒட்டியும் ஐந்து பேர்தான் வந்தார்கள். மீதியைப் பெட்டியில் போட்டுக் கல்லாற்றுக்குக் கொண்டுபோனார். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து பஸ் ஏறி வந்து, ராத்திரி கரமனையில் பழைய பின்கட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போவார். பாலத்துக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் பெண்குழந்தைகளுக்குத் தனி வாசலும் தனி இடமும் இருக்கின்றன, மலையாள எழுத்து ஒரு மாதத்தில் வந்துவிடும், நானே சொல்லித் தந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்வார். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சில வீட்டில், "நீங்கதானே சார் வகுப்பை மூட வெச்சேள்?" என்று கேட்டார்கள். அதற்கு அவர் ஆமாம் என்று சொல்வார் என்று ஜெயலக்ஷ்மியின் தகப்பனார் என்னிடம் சொன்னார். அந்தப் பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள். மறுபடியும் மூன்றாம் வகுப்பு, இந்தத் தடவை மலையாளத்தில்.

வந்தபோதெல்லாம் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. ஒரே ஒரு தடவை, கன்னி மாதம், புரட்டாசியில், கரமனைப் பாலத்தில் எதிரே வந்தார். மிகவும் இளைத்திருந்தார். கோட்டு தோளில் தொங்கியது. பாகீரதியின் கதையை அன்றுதான் சொன்னார். நான் அந்தக் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"ஜெயலக்ஷ்மிக்கு நான் சரி போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்" என்றார். பிறகு எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "அந்தப் பிள்ளை நம்மள எல்லாம் யோசிக்க வச்சிட்டு, பாத்தேளா?" என்று சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

தகரப் பெட்டியை மத்தியானம் திறந்தேன். இரண்டு வேட்டி, ஒரு கோட்டு, சவரக் கத்தி, கொயினா மாத்திரை பாதி சீசா, தோட்டத்துப் பிள்ளைகளின் பதிவேடு. அடியில் ஒரு செய்தித்தாளில் மடித்து விடுதல் சர்ட்டிபிகேட்டுகள். பத்தொன்பது கொண்டுபோனவர், நாலைந்து மாதத்தில் பதினைந்தைக் கொடுத்து முடித்திருக்கிறார். நாலு மீதி இருக்கின்றன. மூன்றில் எல்லாம் பூர்த்தியாகிக் கையெழுத்தும் இருக்கிறது. உறையின் மேல் வீட்டு அடையாளம்கூட எழுதியிருக்கிறார். நாலாவது விஜயலக்ஷ்மி என்ற குழந்தையுடையது. பெயர், தகப்பனார் பெயர், வகுப்பு, சேர்ந்த தேதி எல்லாம் அவருடைய சாய்வில்லாத கையெழுத்தில் இருக்கின்றன. பிறந்த தேதிக்கு நேரே பென்சிலில் 'வீட்டில் கேட்கணும்' என்று எழுதியிருக்கிறார், தேதி எழுதவில்லை.